கிளிப்பச்சைக்கு ஆரஞ்சுக் கரை

கலையரசியின் பீரோவில் ஒரு புடவை ஒளிந்திருந்தது. உடம்பு கிளிப்பச்சை, கரை ஆரஞ்சு. முந்தானையில் இரண்டும் கட்டிப் புரண்டு சண்டை போட, ஜரிகை நடுவில் நின்று விலக்கிவிடப் பார்க்கும். சங்கராபுரத்தில் அவள் வீடு கட்டிப் பால் காய்ச்சிய அன்று, பள்ளிக்கூடத்திலிருந்து கூடவே வரும் தோழி செந்தமிழ்ச்செல்வி வைத்துக் கொடுத்தது.

ஒரே ஒரு தடவை கட்டிப் பார்த்தாள். கண்ணாடியில் தெரிந்தது கலையரசி இல்லை, சந்தை கலைந்தும் விலை போகாத ஏதோ ஒரு காய்கறி. வீட்டுக்காரர் வெங்கடேசன் அன்று பார்த்து, "நல்லாத்தான் இருக்குது. கரண்டு போனாகூட உன்னத் தேட வேணாம்" என்றார். அதோடு அது பீரோவின் அடித்தட்டுக்குப் போய்விட்டது.

கள்ளக்குறிச்சிக் கல்யாண மண்டபம் ஒன்றில் துணி மாற்றும் விழா என்று நோட்டீஸ் வந்தபோது அவளுக்கு அந்தப் புடவைதான் முதலில் ஞாபகம் வந்தது. ஒரு துணி கொடுத்தால் ஒரு டோக்கன். அதைக் காட்டி வேறு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். உண்டியலில் விழும் காசெல்லாம் கல்வராயன் மலை விடுதிப் பிள்ளைகளுக்குக் கம்பளியாகப் போகும். புடவையும் ஒழியும், புண்ணியமும் சேரும். இடைஞ்சல் ஒன்றே ஒன்றுதான்: நோட்டீஸைக் கொண்டுவந்து கொடுத்ததே செந்தமிழ்ச்செல்வி.

"ரெண்டு பேரும் சேர்ந்தே போலாம்டி" என்று வேறு சொல்லிவிட்டாள்.

பஸ்ஸில் கலையரசி பையை மடியில் வைத்து, திருடன் மூட்டையை அணைத்துக்கொள்வது போல அணைத்துக்கொண்டாள்.

"இன்னாடி கொண்டாந்த? காட்டு."

"பழைய துணிதான். பஸ்ல போய் எதுக்குப் பிரிச்சிக்கினு?"

"பழைய துணிக்கு இவ்ளோ பத்திரமா?"

கலையரசி ஜன்னல் பக்கம் திரும்பி, ஓடுகிற கரும்புத் தோட்டத்தை ரொம்ப அக்கறையாகப் பார்த்தாள்.

மண்டபத்தில் கூட்டம் பிதுங்கியது. வாசலிலேயே செந்தமிழ்ச்செல்வி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "கைய வுடாத. ரிஷிவந்தியம் தேர் மாதிரி ஆயிடப் போவுது."

புதுவீட்டுக்கு முந்தின வருஷத்து அந்தத் தேர்த் திருவிழாவை யார் மறக்க முடியும்? கலையரசிக்கு உயரம் கம்மி. கூட்டத்தில் நுழைந்தால் குளத்தில் போட்ட கல் மாதிரிதான். அன்றைக்கும் அப்படியே மூழ்கிப்போனாள். சற்று நேரத்தில் மைக்கில், "சங்கராபுரம் கலையரசி பாப்பா எங்கிருந்தாலும் அழாமல் மேடைக்கு வரவும்" என்று அறிவித்தார்கள். கல்லூரிக்குப் போகிற பெண்ணைப் பெற்ற அந்தப் பாப்பா மேடையேறியபோது, மைக் பிடித்தவர் பிஸ்கட் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் குழந்தையைத் தேடினார்.

செந்தமிழ்ச்செல்வி தன் துணிகளைக் கொடுத்துவிட்டு மோர் குடிக்கப் போன சமயம் பார்த்து, கலையரசி புடவையை மேசையில் தள்ளினாள். டோக்கனும் வாங்கிவிட்டாள். முதுகிலிருந்து நெல் மூட்டை இறங்கியது போல இருந்தது. அதற்குள் செந்தமிழ்ச்செல்வி திரும்பி வந்தாள்.

"ஏய் கலை, சொல்ல மறந்தே பூட்டன். வெள்ளிக்கெழம எம் பையன் நிச்சயத்துல மொதல் வரிசத்தட்டு நீதான் தூக்கற. வூட்டுல சொல்லிட்டன். நா வச்சிக் குடுத்தன் பாரு பச்சப் பொடவ, அதக் கட்டிக்கினு வா."

முதல் தட்டு என்றால் கூடப் பிறந்தவளுக்கு உள்ள இடம். கலையரசிக்கு மகிழ்ச்சி பாதி, திகில் மீதி.

"பாத்ரூம் போய்ட்டு வந்துடறன்" என்று கூட்டத்துக்குள் பாய்ந்தாள்.

புடவை மேசையில் இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம் நெடுநெடுவென்று நின்ற ஒரு பெண்ணின் கையில் இருந்தது. அவள் பெயர் பெரியம்மாள். வெள்ளிமலைப் பக்கம் அந்த விடுதியில் சமையல் செய்பவள். தன் பங்குக்கு நல்ல சுங்குடிப் புடவை ஒன்றைக் கொடுத்துவிட்டு இதை எடுத்திருந்தாள்.

"அது சாயம் போவுங்க" என்றாள் கலையரசி.

"போவட்டுமே. இருக்கறதே ஜாஸ்தி."

"தோய்ச்சா சுருங்குங்க. நெஞ்சு வரைக்கும் வந்துடும்."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

பெரியம்மாள் டோக்கனைக் கொடுத்துவிட்டுப் புடவையைப் பிரித்துத் தோளில் போட்டாள். "எங்க ஊர்ல இந்தக் கலரு யார்கிட்டயும் இல்ல."

எந்த ஊரிலும் இருக்காது என்று கலையரசி சொல்ல வாயெடுப்பதற்குள், கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு கை வந்து முந்தானையை இழுத்தது.

"குள்ளச்சி! எங்கடி பூட்ட? பாத்ரூம்னு சொல்லிட்டு..."

பெரியம்மாள் திரும்பினாள். செந்தமிழ்ச்செல்வி அண்ணாந்து அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து, பக்கத்தில் நின்ற கலையரசியைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த முந்தானையைத் திருப்பினாள். மூலையில், புதுத் துணிக்கு வைக்கிற மஞ்சள் பொட்டு.

"இது நா வச்ச மஞ்சளு."

கலையரசியிடம் மூன்று பொய்கள் தயாராக இருந்தன. மூன்றும் ஒன்றாக வெளியே வரப் பார்த்து வாசலில் சிக்கிக்கொண்டன. உண்மைதான் இடுக்கில் நுழைந்து வந்தது. "எனக்கு அந்தக் கலரு புடிக்கலடி."

"அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?"

"நீ ஆசையா எடுத்த."

"ஆசையா? எனக்கும்தான் புடிக்கல! கடக்காரனே ஒரு மாதிரி பாத்தான்."

"அப்பறம் எதுக்குடி எடுத்த?"

செந்தமிழ்ச்செல்வி முந்தானையை விடவில்லை. "தேர்ல உன்னக் காணம்னு எப்பிடி ஆயிட்டன் தெரியுமா? மைக்ல அழாம வான்னு சொன்னாங்களே, அழுதுக்கினு இருந்தது நாந்தான். அதான் கடையில எல்லாத்தயும் தொங்க வுடச் சொல்லி, ரோட்டுக்கு அந்தாண்ட போய் நின்னு பாத்தன். எது மொதல்ல கண்ணுல பட்டுச்சோ அத எடுத்தன். இப்பகூட அந்தக் கோடியிலயே தெரிஞ்சிட்ச்சி, இன்னிக்கி நீ வேற பொடவங்கறதே மறந்து ஓடியாந்தன். உள்ள ஆளுதான் வேற."

பெரியம்மாள் புடவையைத் தோளிலிருந்து இறக்கினாள். "இந்தாம்மா, நீங்களே வச்சிக்கோங்க. உங்க நடுவுல நா எதுக்கு?"

"நல்லாருக்கே. உங்க ஒயரத்துக்குத்தான் அது எடுப்பா இருக்குது" என்று செந்தமிழ்ச்செல்வி அதைத் திரும்ப அவள் தோளிலேயே போட்டாள். உண்மைதான். அந்த உயரத்தில் பச்சையும் ஆரஞ்சும் சண்டையை விட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் இறங்கின.

கலையரசி டோக்கனைக் கசக்கிக்கொண்டு நின்றாள். "மொதல் தட்டு... வேற யார்னா தூக்கறாங்களா?"

"வேற யாரு இருக்காங்க எனக்கு?" என்று மூக்கை உறிஞ்சியவள், "இனிமே உனக்கு நா எடுக்க மாட்டன். நீயே எட்த்துக்க" என்றாள்.

கலையரசி மேசைக்குப் போனாள். மயில் நீலத்தில் மெல்லிய கரை போட்டு, அவளுக்கென்றே நெய்தது போல ஒரு புடவை கிடந்தது. அதை ஆசையாகத் தடவினாள். தடவிவிட்டுத் தள்ளி வைத்தாள். அடியில் கையை விட்டு, கத்தரிப்பூ நிறத்தில் எலுமிச்சை மஞ்சள் கட்டம் போட்ட ஒன்றை உருவித் தோளில் போட்டுக்கொண்டாள். மேசைக்காரப் பெண், "நெஜமாத்தான் எடுக்கறீங்களாக்கா?" என்றாள்.

"செல்வி, வாசலாண்ட போய் நின்னு பாரு!"

செந்தமிழ்ச்செல்வி போனாள். துணைக்குப் பெரியம்மாளும் போனாள். நடுவில் பாதிக் கள்ளக்குறிச்சி புடவை பொறுக்கிக்கொண்டிருந்தது. அவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். செந்தமிழ்ச்செல்வி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"ஏய் கலை! கண்ணு கூசுதுடி!"

கலையரசி மேசைக்காரப் பெண்ணிடம் டோக்கனை நீட்டினாள்.