முன்னால் நிற்கிற ஆள்

ஆட்டுக்கூட்டம் ரோட்டைக் கடப்பதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் முன்னால் இறங்கிக் கையைக் காட்டி வண்டிகளை நிறுத்த வேண்டும். இன்னொருவர் பின்னால் நின்று, புல்லைக் கண்டதும் மயங்கி நிற்கிற சோம்பேறிகளைப் பத்திவிட வேண்டும். துரைப்பாண்டிக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்து என்ன செய்ய? முன்னால் நிற்கிற ஆள் திருப்பூரில் இருந்தாள்.

அந்த ஆள் அவர் பெண்டாட்டி இசக்கித்தாய். மகன் செல்வக்குமாருக்கும் மருமகள் பிரேமலதாவுக்கும் அங்கே பனியன் கம்பெனியில் வேலை. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று போன் வந்தது. "புள்ள நடக்கட்டும், வந்துருதேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பிள்ளை நடந்தது, ஓடியது, இப்போது பால்வாடிக்கும் போகிறது. இசக்கித்தாய்தான் வந்தபாடில்லை.

அவள் ரோட்டில் நிற்கிற அழகே தனி. பனவடலிசத்திரம் தாண்டியதும் வருகிற வளைவில், வாடாமல்லி நிறச் சேலையோடு இறங்கி வலது கையை நீட்டினால் போதும், சங்கரன்கோவில் போகிற எந்த வண்டியும் நிற்கும். கொஞ்சம் தாமதித்தால், "ஏலே, கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?" என்பாள். அந்த வாய்க்குப் பயந்தே பிரேக் பிடித்தவர்கள் உண்டு.

அவள் போன பிறகு ரோட்டை அகலமாக்கினார்கள். கால்நடை கடக்கும் இடம் என்று போர்டும் வைத்தார்கள். அதில் மாட்டுப் படம். ஆட்டுக்கு இது பொருந்தாது என்று டிரைவர்கள் நினைத்தார்களோ என்னவோ, ஒருத்தனும் வேகத்தைக் குறைக்கவில்லை. ஒரு சினையாடு லாரியில் அடிபட்டது. அன்றைக்குத்தான் துரைப்பாண்டி இரண்டு கம்பைக் குறுக்காகக் கட்டி, வைக்கோலைச் சுற்றி, கொடியில் கிடந்த வாடாமல்லிச் சேலையை உடுத்தி, முக்காடும் போட்டு, வலது கை ரோட்டைப் பார்த்து நீளும்படி வளைவில் நட்டுவைத்தார்.

வண்டிகள் நின்றன. ஆடுகளுக்குப் பின்னாலிருந்து பார்த்தால் அவளேதான். சாயங்காலம் திரும்பும்போது, "வந்தாச்சு" என்று பொம்மையிடம் சொல்ல ஆரம்பித்தார். அப்புறம் குழம்பில் உப்புக் கூடியதையும் சொன்னார். பைத்தியம் என்று யாராவது நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும். வீட்டில் பேச்சுக்கு ஆளில்லாதவன் எங்கேயாவது பேசித்தானே ஆகவேண்டும்.

டிரைவர்கள் எத்தனை நாளைக்கு ஏமாறுவார்கள்? விஷயம் ரோடு முழுக்கப் பரவியது. மினிபஸ் ஓட்டுகிற சுடலைராஜ் இரண்டு ஹாரன் அடித்து, "என்னக்கா, சௌக்கியமா?" என்று பொம்மையைப் பார்த்துக் கத்திவிட்டு அதே வேகத்தில் போவான். துரைப்பாண்டி இப்போது வண்டிகள் ஓய்கிற நேரம் பார்த்துத்தான் ஆடுகளை இறக்கினார். ஆனாலும் பொம்மையைப் பிடுங்க அவருக்கு மனசு வரவில்லை.

ஒருநாள் இசக்கித்தாய் போனில் கேட்டாள்.

"ஆடெல்லாம் ஒழுங்கா ரோடு தாண்டுதா?"

"தாண்டுது."

"முன்னால யாரு நிக்கா?"

நீ இல்லாமல் முடியவில்லை, வந்துவிடு என்று சொல்லத்தான் வாயெடுத்தார். சொன்னால் இங்கேயும் அங்கேயுமாகக் கிடந்து அவள் தவிப்பாள். "அதெல்லாம் ஆளு இருக்கு" என்றார்.

"ஆம்பளையா, பொம்பளையா?"

அவருக்கும் கொஞ்சம் விளையாட்டுப் புத்தி வந்தது. "பொம்பளதான்."

போன் பட்டென்று கட்டானது.

அந்த வாரமே ஒரு சாயங்காலம், அவர் ஆடுகளை வளைவுக்கு ஓட்டிவந்தபோது, பொம்மைக்கு எதிரே பையும் கையுமாக ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். துரைப்பாண்டி ஆடுகளை மறித்துவிட்டு ஓடினார்.

"இவதானா அந்தச் சிறுக்கி?" என்று கேட்டுவிட்டு இசக்கித்தாய் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது. அப்புறம் அது அழுகையாகவே ஆகிவிட்டது. "வான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வந்திருக்க மாட்டனா?"

"புள்ளைய யாரு பாப்பா?"

"அவ பால்வாடிக்குப் போறா. நான் இனிம போகல. சொல்லிட்டுதான் வந்தேன்."

துரைப்பாண்டி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஊரையே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்போல அவருக்கு இருந்தது.

அவள் பொம்மையைப் பிடுங்கி ஓடையில் எறிந்தாள். சேலையை மட்டும் உருவி, எதிர்வெயிலுக்கு முக்காடாகப் போட்டுக்கொண்டு, பழையபடி ரோட்டில் இறங்கி வலது கையை நீட்டினாள். முன்னால் போகிற கிடா ரோட்டில் கால் வைத்தது.

வளைவில் சுடலைராஜின் மினிபஸ் வந்தது. இரண்டு ஹாரன் அடித்தான். வேகம் குறையவில்லை.

"சுடலை, ஆளுலே! பொம்மை இல்லலே!" பின்னாலிருந்து துரைப்பாண்டி கத்தினார். ஆட்டுச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? இசக்கித்தாய் நகரவில்லை. அவள் கையைக் காட்டி நிற்காத வண்டியை அவள் பார்த்ததில்லை. கடைசி நேரத்தில் எதைக் கண்டானோ, சுடலைராஜ் ஸ்டீயரிங்கை ஒடித்தான். பஸ் முக்காட்டை உரசிக்கொண்டு மண்ணில் இறங்கி நின்றது.

சுடலைராஜ் இறங்கி ஓடிவந்தான். "பொம்மைன்னு நெனச்சுட்டேன்க்கா... சத்தியமா பொம்மைன்னுதான் நெனச்சேன்..."

இசக்கித்தாய் அவனை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அதுதான் துரைப்பாண்டியைப் பயமுறுத்தியது.

வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே, "நீ திருப்பூருக்கே போயிருட்டி" என்றார்.

"பயந்துட்டீங்களா? ரெண்டு நாள்ல எல்லா டிரைவருக்கும் தெரிஞ்சுரும்."

"அந்த ரெண்டு நாள்ல ஒருத்தனுக்குத் தெரியலன்னா?"

அவள் அவர் தட்டில் குழம்பை ஊற்றினாள்.

"நீ இங்கன இருந்தா ரோட்டுல இறங்காம இருக்க மாட்ட. உன்னைப் பொம்மையாக்கினது நான்தான இசக்கி. போயிரு."

"அப்ப ஆட்டைக் குடுத்துட்டு நீங்களும் வாங்க."

அவர் எச்சில் கையோடு உட்கார்ந்திருந்தார். ஆடு இல்லாமல், திருப்பூரில் மகன் குடியிருக்கிற அந்த ஒற்றை அறையில், மருமகள் காலுக்கு இடைஞ்சலாக, தான் என்ன செய்வது என்று எவ்வளவு யோசித்தும் அவருக்குத் தெரியவில்லை.

காலையில் அவள் பஸ் ஏறப் பனவடலிசத்திரம் ஸ்டாப்புக்குத் தனியாகத்தான் போனாள். அவர் ஆடுகளை வளைவுக்கு ஓட்டிவந்து, தானே முன்னால் இறங்கிக் கையை நீட்டினார். பின்னால் யாரும் இல்லை.

சுடலைராஜின் மினிபஸ் தூரத்திலேயே வேகம் குறைந்து நடுரோட்டில் நின்றது. டிரைவருக்குப் பின்னால் இருந்த ஜன்னலிலிருந்து ஒரு கை வெளியே நீண்டு, பின்னால் வருகிற லாரிகளுக்கு மேலும் கீழுமாக ஆடியது. "ஏலே, ஆடு போகுது, மெதுவாலே!" என்ற சத்தமும் கேட்டது. எதிரே வந்த வண்டிகளும் நின்றுவிட்டன.

ஆடுகள் ஒன்று பாக்கியில்லாமல் கடந்து போயின. பத்திவிட ஆள் தேவைப்படவில்லை. பஸ் கிளம்பி அவரைத் தாண்டியது. அவள் முகத்தை அவர் சரியாகப் பார்ப்பதற்குள் அது போய்விட்டது. கை மட்டும் உள்ளே போகவில்லை. வளைவு மறைக்கும்வரை, பின்னால் வருகிறவர்களை மெதுவாக வரச் சொல்லி ஆடிக்கொண்டே இருந்தது.

லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அப்புறம் தலையை வெளியே நீட்டினான்.

"ஆடெல்லாம் போயாச்சுவே! இன்னும் என்னத்துக்குக் கையை நீட்டிக்கிட்டு நிக்கீரு?"