இன்னும் மூணு கல்லு

அந்த பிஸ்கட் டப்பா எனக்கு முன்பே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. மூடியில் ஒரு பெரிய குவிமாடத்தின் படம். உலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த மாடம்தான், என் ஆறாம் வகுப்புப் பாடப்புத்தகத்திலும் இருந்தது. டப்பாவுக்குள் பிஸ்கட் இருந்த காலத்தை நான் பார்த்ததில்லை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஒரே அளவு இடைவெளி விடுவதற்காக வைக்கிற குட்டி பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கும், கூட்டல் குறி போல.

அப்பா டைல்ஸ் போடுகிறவர். அந்த வேலையில் டைல்ஸைக் கல்லு என்றுதான் சொல்வார்கள். அம்மா அவருக்குக் கையாள். பசை கலக்குவது, கல் எடுத்துக் கொடுப்பது, மறுநாள் இடுக்குகளை அடைப்பது எல்லாம் அம்மா. அறையின் கடைசிச் சுவரில் ஆரம்பித்து, மண்டி போட்டபடி பின்னாலேயே நகர்ந்து வாசலில் வந்து முடிப்பார் அப்பா. போட்ட கல்லை மிதிக்கக்கூடாதே. முதுகுக்குப் பின்னால் எவ்வளவு தரை மிச்சம் என்று அவருக்குத் தெரியாது. பின்னால் உட்கார்ந்திருக்கும் அம்மாதான் சொல்வாள்.

"இன்னும் மூணு கல்லு."

நாளெல்லாம் இருவரும் பேசுவது பெரும்பாலும் இதுதான். அவர் திரும்பாமலே கையை நீட்டுவார், கல் வந்து கையில் உட்காரும்.

பதித்த ஒவ்வொரு கல்லையும் கொத்துக்கரண்டியின் கட்டைப் பிடியால் தட்டுவார். டொக் என்றால் கெட்டி. பொக் என்றால் அடியில் காற்று, எடுத்து மறுபடி போட வேண்டும். கட்டட வேலைக்காரர்கள் அவருக்கு 'டொக் டொக்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். யார் வீட்டுக்குப் போனாலும் செருப்பைக் கழற்றியதும் குதிகாலால் ஒரு தட்டு. கல்யாணம் பேச வந்த அன்று அம்மாவை நிமிர்ந்து பார்க்காமல் அவர்கள் வீட்டுத் தரையைத் தட்டிப் பார்த்தாராம். "உங்கப்பா என்னைப் பாத்து சரின்னு சொல்லல. தரை கெட்டியா இருந்துச்சு, சரின்னுட்டாரு" என்று அம்மா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

மதியம் சாப்பிட்டு முடித்ததும் அம்மா அந்த டப்பா மூடியை முந்தானையால் துடைப்பாள். "இதுக்குள்ள நின்னு அண்ணாந்து பாக்கணும். அப்புறம் மேல ஏறி நின்னு குனிஞ்சு பாக்கணும்" என்பாள். "பாக்கலாம், பாக்கலாம்" என்பார் அப்பா, தரை சமமா என்று காட்டும் ரசமட்டத்தின் குமிழியைப் பார்த்துக்கொண்டே.

அக்கா அந்த மாடம் இருக்கிற நாட்டில் ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்புகள் மடிக்கும் வேலைக்குப் போய் நாலு வருஷம் ஆகிறது. இந்த வருஷம் எங்கள் மூவருக்கும் அவளே டிக்கெட் எடுத்துவிட்டாள். மேலே ஏறுவதற்கும் தனியாகச் சீட்டு வாங்கிவிட்டாள், மதியம் இரண்டு மணிக்கு. ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்திய என்னையும் சேர்த்தது, பலகைகளைப் படித்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்பதற்காக. ஒரு நாள் அவள் போனில் எதையோ சொல்ல, அப்பா போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்து, "மேல போறதுக்கு லிஃப்ட் இருக்காம்" என்றார்.

லிஃப்ட் என்றதும்தான் அம்மாவுக்கு முகம் மலர்ந்தது. அப்பாவின் முட்டி அப்படி. உட்கார்ந்தால் ஒரு சத்தம், எழுந்தால் இரண்டு சத்தம்.

அந்த நாளும் வந்தது. அக்காவுக்கு அன்று வேலை. பஸ்ஸில் ஏற்றிவிட்டு, எந்த நிறுத்தத்தில் இறங்குவது என்று என் உள்ளங்கையில் பேனாவால் எழுதிவிட்டுப் போனாள். இறங்கி ஒரு செருப்புக் கடையைத் தாண்டித் தெருமுனை திரும்பியதும், முன்னறிவிப்பே இல்லாமல், வானத்தை அடைத்துக்கொண்டு நின்றது மாடம். அம்மா அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர் ஒருவர் அவள் மேல் இடித்துக்கொண்டார்.

"என்னம்மா?" என்றேன்.

"நசுங்கலே இல்லையேடி."

எனக்கு ஐந்து வயதில் டப்பாவைக் கீழே போட்டேன். மாடத்தின் இடது பக்கம் ஒரு நசுங்கல் விழுந்தது. பன்னிரண்டு வருஷமாகப் பார்த்துப் பார்த்து, அந்த நசுங்கலும் கட்டடத்தோடு சேர்ந்தது என்று அவள் மனதில் பதிந்துவிட்டது போலிருக்கிறது.

"போன் பண்ணி நசுக்கச் சொல்லவா?" என்றார் அப்பா.

உள்ளே அவ்வளவு கூட்டமும் தலையை அண்ணாந்து வாயைத் திறந்துகொண்டு நின்றது. குனிந்து நின்றவர் அப்பா ஒருவர்தான். கறுப்பும் வெள்ளையுமாக நட்சத்திரம் நட்சத்திரமாகக் கல் பதித்த தரை. கையிலிருந்த குடையின் பிடியால் ஒரு கல்லைத் தட்டினார். டொக். நகர்ந்து இன்னொன்று. டொக்.

"கெட்டி" என்றார், கட்டியவர்கள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பது போல. பிறகு ஒரு தூணருகே நின்று, "இந்தா, இங்க வாயேன். இந்தக் கல்லைத் திருப்பிப் போட்டிருக்கான் பாரு. முனை அந்தப் பக்கம் வரணும்."

"நானூறு வருஷமா எத்தனையோ ராஜா வந்து பாத்துட்டுப் போயிருக்காங்க. நீங்க வந்துதான் குத்தம் கண்டுபிடிக்கணும்னு இருந்திருக்கு. மேல பாருங்க!"

"பாத்தேன் பாத்தேன்."

"எப்ப?"

அதற்குள் சீருடை போட்ட காவலாளி ஒருவர் வந்து குடையைக் காட்டி விரலை ஆட்டினார். அப்பா நல்ல பிள்ளையாகக் குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

இரண்டு மணிக்கு மூலையில் ஒரு சின்ன வாசலில் கயிறு கட்டி, சீட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் பலகை. இங்கிலீஷிலும் போட்டிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தேன். முந்நூற்று இருபது படி. ஏற ஒரு படிக்கட்டு, இறங்க ஒரு படிக்கட்டு. பாதியில் திரும்ப முடியாது. கடைசி வரியை மெதுவாகத்தான் சொன்னேன். லிஃப்ட் கிடையாது.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார்.

"தெரியும், இல்ல?"

"பெரியவ சொன்னா."

"அப்புறம் எதுக்கு லிஃப்ட் இருக்குன்னு புளுகினீங்க?"

"இல்லன்னு சொல்லியிருந்தா நீ கிளம்பியிருப்பியா? நீயும் சின்னவளும் போயிட்டு வாங்க. நான் இங்க தரையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். எனக்கு அது போதும்."

"எனக்குப் போதாது. பாத்தா ரெண்டு பேரும் பாக்கணும். அந்த மூடியை நான் தனியா பாக்கல, உங்க பக்கத்துல உக்காந்துதான் பாத்தேன். இல்லன்னா வீட்டுல டப்பா இருக்கு, அதையே பாத்துக்கிறேன்." சொல்லிவிட்டுப் போய் பெஞ்சில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். அப்பாவும் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

வரிசை குறைந்து நாலைந்து பேர் மிஞ்சியபோது கயிறு கட்டுகிறவர் எங்களைப் பார்த்தார். இன்றைக்கு விட்டால் அவ்வளவுதான். மறுநாள் காலை விமானம். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோபம் என்றுதான் முதலில் நினைத்தேன். பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். அழுகை வந்தால் அப்படித்தான் செய்வாள்.

அப்பா எழுந்தார். இரண்டு சத்தம் கேட்டது. நேரே போய்ச் சீட்டை நீட்டினார்.

"எங்க போறீங்க?" என்று அம்மா பதறி எழுந்தாள்.

"படிக்கல்லு எப்படி ஒட்டியிருக்கான்னு பாக்க."

"உங்க முட்டிக்கு யாரு பதில் சொல்றது?"

"எண்ணெய் தேய்க்கிறவ சொல்லுவா" என்று உள்ளே நுழைந்துவிட்டார்.

ஏறும்போது இருபது படிக்கு ஒரு தடவை சுவரில் இருந்த ஜன்னல் குழியில் உட்கார்ந்தார் அப்பா. எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் தாண்டிப் போனார்கள். ஒரு இடத்தில் அம்மா புடவைத் தலைப்பால் அவர் கழுத்து வேர்வையைத் துடைத்தாள். "முகம் சுண்ணாம்பாட்டம் இருக்கு. இப்படியே உக்காந்துடுவோமா?" என்றாள். "பலகையில என்ன போட்டிருக்கான்? பாதியில திரும்பக் கூடாது" என்றார் அவர்.

மேலே போய்ச் சேர்ந்தோம். மாடத்தின் உட்புறத்தைச் சுற்றி, கம்பித் தடுப்புப் போட்ட குறுகலான நடைபாதை. தலைக்கு மேல் தங்கமும் நீலமுமாக மாடம். அதன் உச்சியில் இருந்த வட்டத்திலிருந்து வெளிச்சம் சாய்வாக இறங்கியது. அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு முதலில் அண்ணாந்து பார்த்தாள், பிறகு குனிந்து பார்த்தாள். டப்பாவை வைத்துக்கொண்டு சொன்ன அதே வரிசையில். "அம்மாடி" என்றாள். மூக்கை உறிஞ்சினாள்.

அப்பாவும் கம்பிக்கு வந்தார். கீழே முழுத் தரையும் ஒரே கோலமாகத் தெரிந்தது. நட்சத்திரங்கள் எல்லாம் நடுவில் இருந்து கிளம்பி விரிந்திருந்தன. கீழே நின்றபோது தெரியவே இல்லை.

"நடுவுல ஆரம்பிச்சிருக்கான். இந்த மாதிரி கோலத்துக்கு நானா இருந்தாலும் அங்கதான் ஆரம்பிச்சிருப்பேன்" என்றார். "சுத்திச் சுத்திப் பின்னாடியே போயி வாசல்ல முடிச்சிருக்கான். பாரு, அளவுக்கு வெட்டிப் போட்ட கல்லு எல்லாம் வாசலோரம்." பிறகு அவர் முகம் முழுக்கச் சிரிப்பானது. "அதோ, அந்தத் தூண் பக்கம். திருப்பிப் போட்ட கல்லு இங்கிருந்தும் தெரியுது! அவனும் நம்மாளுதான்."

"இதுக்குத்தான் முந்நூத்தி இருபது படி ஏறினீங்களா?"

"நீ எதுக்கு ஏறின?"

அம்மா கம்பியில் இருந்த அவர் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்துக்கொண்டாள். அரை மணி நேரம் நின்றோம்.

வினை இறங்கும்போதுதான் வந்தது. மூன்றாவது படியிலேயே அப்பாவின் கால் மடங்க மறுத்தது. சுவரில் சாய்ந்துவிட்டார். ஏறுவதைவிட இறங்குவதில்தான் முட்டிக்கு வலி என்பது எங்களுக்குத் தெரியாது. வளைந்து வளைந்து போகும் ஒல்லிப் படிக்கட்டு. எனக்குப் பின்னால் ஆட்கள் சேர ஆரம்பித்தார்கள். அவர்கள் பாஷையில் ஒரு வார்த்தை எனக்கு வராது. வந்தாலும் வாய் திறந்திருக்க மாட்டேன். இரண்டு கையையும் விரித்து வழியை மறித்துக்கொண்டு நின்றேன்.

அப்பா சுவரைப் பிடித்து மெதுவாகத் திரும்பி, எங்களைப் பார்த்தபடி நின்று, ஒரு காலைப் பின்னால் விட்டுக் கீழ்ப்படியைத் தேடினார். வைத்தார். அடுத்த காலையும் வைத்தார்.

"வலிக்கல" என்றார், ஆச்சரியமாக.

அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. வழக்கம் போல அவருக்குப் பின்னால், கீழ்ப்படிக்குப் போகப் பார்த்தாள்.

"அங்க போகாத. நான் விழுந்தா உன் மேலதான் விழுவேன். மேல நில்லு, கையைக் குடு."

மேலே நின்று அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அவர் தோளுக்கு மேலே எட்டிக் கீழே பார்த்தாள்.

"திருப்பம் வரைக்கும் இன்னும் ஆறு கல்லு" என்றாள். "வைங்க. அஞ்சு. நாலு. இன்னும் மூணு கல்லு."

அப்படியே இறங்கினார்கள். அவர் பின்னால் போகப் போக, அவள் முன்னால் வந்தாள். அவர் பார்ப்பதற்கு அங்கே தரை இல்லை. எதிரில் அம்மாவின் முகம் மட்டும்தான் இருந்தது. இரண்டு தடவை பார்வையை நகர்த்திப் பார்த்தார், போக இடம் இல்லாமல் திரும்ப அங்கேயே வந்தது.

நூறு படி இறங்கியிருப்போம். அப்பா நின்றார்.

"வலிக்குதா?" என்றாள் அம்மா.

"இல்ல. உன் புருவத்துக்குள்ள ஒரு மச்சம் இருக்கே, அது எப்ப வந்துச்சு?"

"நான் பொறந்தப்ப."

"சும்மா சொல்லாத."

"இருபத்தாறு வருஷமா எங்க பாத்துக்கிட்டிருந்தீங்க? காலை வைங்க."

எனக்குப் பின்னால் நின்ற ஒரு வயதான பெண்மணி, பாஷை தெரியாமலே சிரித்தாள். அதற்கப்புறம் யாரும் என்னைத் தாண்டிப் போகப் பார்க்கவில்லை. முழுக் கூட்டமும் அவர்கள் வேகத்துக்கே இறங்கியது.

கடைசித் திருப்பத்தில் கீழேயிருந்து வெளிச்சம் தெரிந்தது. "இன்னும் மூணு கல்லு" என்றாள் அம்மா. ரெண்டு, ஒண்ணு என்று அவள் சொல்லவில்லை. அவர்களே இறங்கி வந்து தரையில் நின்றார்கள். அப்பா அதை அறியாமல் ஒரு காலைப் பின்னால் விட்டு அடுத்த படியைத் தேடினார்.

"இன்னும் எத்தனை?"

"இருக்கு" என்றாள் அம்மா.

அவர் குதிகால் தரையைத் தட்டியது. டொக்.

"ஏய், இது தரை."

"தரைதான்" என்றாள் அம்மா. இரண்டு பேரும் கையை விடவில்லை. எனக்குப் பின்னால் மொத்தக் கூட்டமும் படியிலேயே காத்துக்கொண்டு நின்றது. நான் விரித்த கையை இன்னும் மடக்கவில்லை.