கீழ்வீட்டுக்கு வராத சூடு

சுசீந்திரத்தில் நாராயணபெருமாள் வீட்டு மொட்டைமாடியில் இருந்த சூரிய ஹீட்டர், மாடிக்கு வெந்நீரும் அதே குழாய் வழியாகக் கீழ்வீட்டுக்குப் பச்சைத்தண்ணீரும் தந்தது. கீழே வாடகைக்கு இருந்தவர் சத்துணவுக்கூடச் சமையலர் முத்துக்கனி. அவர் மகள் சுபிதா பிள்ளை பெற்றுத் தாய்வீடு வந்திருந்தாள்; உடல் தேற வெந்நீர்க் குளியல் வேண்டும். அடுப்பில் கொதித்த நீரும் அந்தக் குளியலறை வாசலைத் தாண்டியதும் ஆறிப்போனது. குளித்த பெண்ணுக்கு நடுக்கம் கண்டது. முத்துக்கனி முறையிட்டார். நாராயணபெருமாள் கெட்டவரல்லர், குழாயை மாற்றினார், தொட்டியை மாற்றினார், ஹீட்டரையே மாற்றினார். தம்மைவிட மூத்தவரான முத்துக்கனியை, பிறந்த சாதியைக் கருதி, ஏட்டி என்று ஒருமையில் விளிக்கும் வழக்கத்தை மட்டும் மாற்றவில்லை. அவர் தகப்பனாரும் அவ்வாறே விளித்தார். ஊரும் அதற்குப் பாசம் என்று பெயரிட்டுப் பாதுகாத்தது.

“ஏட்டி முத்து, ஹீட்டர் புதுசு, பைப்பு புதுசு. இனி சூரியனையும் மாத்தித் தரணுமா?” என்றார்.

ஒரு காலை அவர் மனைவி நாகம்மை மாடிப்படியில் நின்று, “அக்கா, வெள்ளம் சூடாச்சா?” என்று கேட்டார். அக்கா என்ற அந்தச் சொல் இறங்கிய கணத்தில் கீழ்வீட்டுக் குழாய் ஆவி கக்கியது. வாளி நிறையுமுன் நாராயணபெருமாள் ஏட்டி என்று கூப்பிட, ஆவி அடங்கியது. முத்துக்கனிக்கு ஐயம் மிஞ்சவில்லை. நேரே மாடியேறினார்.

“பைப்ப மாத்தாண்டாம் அண்ணாச்சி. என்ன விளிக்கத மாத்தணும்.”

அவர் சிரித்தார். அதைப் பொய்யென்று நிறுவக் கீழே இறங்கிவந்து, குழாயைத் திறந்து, “முத்துக்கனி அம்மையாரே, எழுந்தருளுங்க” என்றார் கேலியாக. நீர் வெதுவெதுத்தது. சிரிப்பு நின்றது. உள்ளே சுபிதா பல் கிட்ட நடுங்கினாள். பச்சைப்பிள்ளை அவள் மார்பின் குளிர் தாங்காமல் பாலை மறுத்து அழுதது. தலைமுறை தலைமுறையாகத் திமிர்ந்து பழகிய நாக்கு பணிய நேரம் பிடித்தது, பணிந்தது.

“பொறுத்துக்கிடுங்க அக்கா. மோளக் குளிக்கச் சொல்லுங்க.”

ஆவி குளியலறையை நிறைத்து முற்றம்வரை வந்தது. சுபிதா குளித்தாள், நடுக்கம் நின்றது, பிள்ளை பால் குடித்தது. இப்போதெல்லாம் சுசீந்திரத்தில் வாடகைக்கு வீடு பார்க்க வருபவர்கள், திறந்த குழாயின்கீழ் கையை நீட்டிக்கொண்டே வீட்டுக்காரரோடு பேசுகிறார்கள். அதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.