கணுக்கால் பிடி

ஆத்தூர்ப் பெண்கள் கபடி அணிக்கு முருகேஸ்வரிதான் கேப்டன். இடது கார்னரில் நின்று அவள் ஒரு கணுக்காலைப் பிடித்தால் பிடித்ததுதான். ஒருநாள் மாலைப் பயிற்சியில் 'கபடி, கபடி' என்று பாடி வந்த தன் தங்கை சந்தனச்செல்வியின் காலையே அப்படிப் பிடித்து இழுத்தாள். செல்வியின் தலை தரையில் மோதியது. அரை நிமிடம் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தாள்.

எழுந்ததும், "ஒண்ணுமில்லக்கா, லேசாத் தல சுத்துது" என்று சிரித்தாள். முருகேஸ்வரி விடவில்லை. தூத்துக்குடிக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுக்கவைத்தாள்.

டாக்டர் டெல்பின் கம்ப்யூட்டரில் படத்தைக் காட்டினார். மூளையின் இடப்பக்கம் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு கறுப்பு.

"நீர்க்கட்டி. நீங்க பிடிச்சு இழுத்ததால வந்தது இல்ல. பிறந்ததிலேருந்தே இருக்கு. இத்தன வருஷமும் இதோடதான் ஆடியிருக்காங்க."

"அப்போ இனிமே ஆடலாமா டாக்டர்?" செல்வி முந்திக்கொண்டாள்.

"இது இருக்கிற நிறையப் பேர் ஒண்ணும் ஆகாம ஆடுறாங்க. சிலருக்கு மட்டும் அடிபட்டா உள்ள ரத்தம் கசிஞ்சுரும். ரொம்ப அபூர்வம். ஆனா நடக்கவே நடக்காதுன்னு என்னால எழுதித் தர முடியாது."

"நூறு பேர்ல எத்தன பேருக்கு அப்படி ஆகும்?" என்றாள் முருகேஸ்வரி.

"சரியான எண்ணிக்கை எங்ககிட்டயே இல்லம்மா. இந்த அடி ஆற ஒரு மாசம் ஓய்வு. அப்புறம் ஆடுறதும் விடுறதும் நீங்க பேசி எடுக்க வேண்டிய முடிவு. தலைவலி நிக்காம இருந்தா, வாந்தி வந்தா, பார்வை மங்குனா, அந்த நிமிஷமே இங்க வந்துரணும்."

திரும்பும் பஸ்ஸில் உப்பளங்கள் கடந்ததும் செல்விதான் ஆரம்பித்தாள்.

"நான் ஆடுவேங்கா."

"ஏளா, தலைக்குள்ள அத வச்சிக்கிட்டா?"

"பொறந்ததுலேருந்து வச்சிக்கிட்டுதான ஆடுதேன்?"

"அப்போ தெரியாது. இப்போ தெரியும்லா."

"தெரிஞ்சதுனால கட்டி பெருசாயிட்டா? ஒனக்குப் பயம், அவ்வளவுதான்."

உண்மைதான். அந்த ஒரு மாதமும் முருகேஸ்வரி பயத்திலேயே சோறு தின்றாள். தங்கை ஒரு டம்ளரைக் கைதவறிப் போட்டால் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துப் பார்த்தாள். வெயிலில் வந்தவள் கண்ணைச் சுருக்கினால், "மங்கலாத் தெரியுதா?" என்று கேட்டாள். அம்மா இசக்கியம்மாளோ, "நீதான கேப்டன், நீயே சொல்லு" என்று ஒதுங்கிக்கொண்டாள். முருகேஸ்வரி வேண்டாம் என்று சொல்லப் பலமுறை வாயெடுத்தாள். ஆட்டம் இல்லாத செல்வியை நினைத்துப் பார்த்தால் அதுவும் பயமாக இருந்தது. டாக்டர் மறுபடி பார்த்து, அடி ஆறிவிட்டது என்றபின், அடுத்த ஆட்டத்துக்கான பட்டியலின் கடைசியில் தங்கை பெயரை எழுதினாள்.

தருவைகுளத்தில் ஆட்டம். செல்வி பாடிப் போன ஒவ்வொரு முறையும் முருகேஸ்வரி அவள் தலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். செல்வியோ முதல் பத்து நிமிடத்தில் நான்கு புள்ளி எடுத்துத் திரும்பினாள்.

பிறகு எதிரணிப் பெண் ஒருத்தி பாடி வந்தாள். அவள் கால் முருகேஸ்வரிக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. கையை நீட்டியபோது, ஸ்கேனில் பார்த்த அந்தக் கறுப்பு கண்முன் வந்தது. விரல்கள் தாமாக விரிந்துகொண்டன. அந்தப் பெண் அவளைத் தொட்டுவிட்டு ஓடினாள். அவுட்டாகி வெளியே போய், மறுபடி உள்ளே வந்த இரண்டு முறையும் இதேதான்.

இடைவேளையில் செல்வி சீறினாள். "யக்கா, கையில வந்தவள ஏன் விடுத?"

"புடிக்க முடியல செல்வி. அவ தலைக்குள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

செல்வி அவளையே பார்த்தாள். கோபம் வடிந்துவிட்டது. "அப்போ நீ ஆடாத. அரைமனசோட புடிச்சா ரெண்டு பேருக்கும்லா அடிபடும்" என்றாள் மெதுவாக.

முருகேஸ்வரி வெளியே உட்கார்ந்தாள். ஆட்டம் முடிகிற நேரத்தில் செல்வியின் மேல் நான்கு பேர் விழுந்தார்கள். அந்தக் குவியலில் அவள் முகம் தெரியவில்லை. வெகுநேரம் என்று தோன்றிய சில நொடிகள் கழித்து, ஒரு கை வெளியே நீண்டு நடுக்கோட்டைத் தொட்டது.

அப்படியும் இரண்டு புள்ளி வித்தியாசத்தில் தோற்றார்கள்.

"தல வலிக்கா? பார்வ மங்குதா?"

"ஒன் அழுமூஞ்சி நல்லாவே தெரியுதுக்கா."

அதன்பின் முருகேஸ்வரி களத்தில் இறங்கவில்லை. கேப்டன் பொறுப்பைச் செல்வி ஏற்றுக்கொண்டாள். ஆறு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் கட்டி மாறாமல் அப்படியே இருந்தது. நல்ல சேதிதான் என்றார் டாக்டர். முருகேஸ்வரிக்கு அதில் முழு ஆறுதல் கிடைக்கவில்லை. தங்கையின் ஒரு ஆட்டத்தையும் அவள் விடுவதில்லை. கோட்டுக்கு வெளியே முதல் ஆளாக உட்கார்ந்துகொள்வாள். செல்வி பாடிப் போகும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, அந்தக் குரல் அறுபடாமல் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பாள்.