கியர் வண்டியைத் தாண்டுகிறவள்

"அப்ப நீ பிரேக்கைப் புடிச்சது உண்மைதான்?"

"லேசாத்தாண்ணே."

"பிரேக்குல என்னடா லேசு, கனம். புடிச்சியா இல்லியா?"

"புடிச்சேன்."

"எம்புட்டு நாளா?"

நான் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே, "பங்குனியிலேர்ந்து," என்றேன்.

கண்ணுச்சாமி அண்ணன் வாயில் வைத்த பன்னை அப்படியே நிறுத்தினார். பெஞ்சின் மறுமுனையில் இருந்த கருப்புதான் சிரித்தான். "மூணு மாசம் பிரேக் கட்டையத் தேச்சிருக்க. அவ ஒன்ன இன்னும் அண்ணேன்னு கூப்பிடலைல, அதுவரைக்கும் லாபம் மாப்ள."

"நீ சும்மா இருடா," என்றார் அண்ணன். "ஒரு புள்ள மணியடிச்சு, காலு கடுக்க மிதிச்சு, மூச்சு வாங்கித் தாண்டிப் போகுது. இவன் என்னடான்னா, பாவம் போகட்டும்னு விட்டுக்கிட்டு இருந்திருக்கான். இதுக்கு மணியடிக்காமத் தாண்டுறவன் எம்புட்டோ தேவலாம்."

"பாவம்னு விடலண்ணே," என்றேன். வேறு எதற்காக விட்டேன் என்பதை அந்த பெஞ்சில் உட்கார்ந்து சொல்ல முடியவில்லை.

காளவாசல் மேம்பாலத்துக்கு அடியில் அந்த டீக்கடை. காலை ஏழே முக்காலுக்கு நாங்கள் மூவரும் அங்கே நிற்போம், பிறகு தேனி ரோட்டில் அவரவர் வேகத்தில் மேற்கே போவோம். கண்ணுச்சாமி அண்ணன் அச்சம்பத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன். கருப்பு பெயிண்டர், அவன் ஹேண்டில்பாரில் இரண்டு பக்கமும் பெயிண்ட் வாளி தொங்கும். நான் செல்லூரிலிருந்து வருகிறேன். நாகமலைப் புதுக்கோட்டை தாண்டி ஒரு ஆஃப்செட் பிரஸ்ஸில் வேலை. என்னுடையது கியர் சைக்கிள், ஒரு காலேஜ் பையனிடம் பழையதாக வாங்கியது. மஞ்சள் ரிம்.

அந்த ரோட்டில் காலையில் சைக்கிளில் போகிறவர்கள் முப்பது பேர் இருப்போம். பெரும்பாலும் ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாது. மரியாதை மட்டும் தெரியும். தாண்டப்போகிறவர் பின்னாலிருந்து இரண்டு தடவை மணி அடிக்க வேண்டும். முன்னால் போகிறவர் இடதுபக்கம் ஒதுங்கி, பதிலுக்கு ஒரு தடவை அடிப்பார். போங்க என்று அர்த்தம். தாண்டப்பட்டவர் உடனே வீம்புக்கு விரட்டக்கூடாது. இதையெல்லாம் யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. புதிதாக வருகிறவர் ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்வார். பைக்கில் போகிறவர்களுக்கு நாங்கள் அடிக்கும் மணி காதில் விழுவதே கிடையாது.

பங்குனியில் ஒரு நாள், விராட்டிப்பத்து தாண்டி, எனக்குப் பின்னால் இரண்டு மணி கேட்டது. நான் அப்போது வலதுகையை விட்டுவிட்டு, வெயில் ஏறாத வானத்தில் வரிசையாகப் போன கொக்குகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒதுங்கி ஒரு மணி அடித்தேன். ஒரு பெண் தாண்டிப் போனாள். ப்ளஸ் ஒன்னில் பள்ளிக்கூடத்தில் கொடுப்பார்களே, அந்த கவர்மெண்ட் சைக்கிள். முன்னால் கூடை, கூடையில் சாப்பாட்டுப் பை. இரும்பெல்லாம் சேர்ந்து அது எவ்வளவு கனம் என்று எனக்குத் தெரியும், நானும் இரண்டு வருஷம் ஓட்டியிருக்கிறேன். கழுத்தில் மாட்டியிருந்த அடையாள அட்டை காற்றில் பறந்து முதுகுப்பக்கம் வந்து கிடந்தது. பவதாரிணி, லேப் டெக்னீசியன் என்று அதில் படித்தேன். கீழக்குயில்குடி ரோடு பிரியும் விலக்குக்குப் பக்கத்தில் இருக்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவள் வண்டியைத் திருப்பினாள்.

அன்றைக்கு அவள் தாண்டியது நிஜம். அந்த ஒரு நாள்தான்.

மறுநாள் விராட்டிப்பத்து வந்ததும் என் கால் தானாகக் குறைந்தது. கால் குறைந்தது போதாமல் கையும் பிரேக்குக்குப் போயிற்று. என் வேகத்தில் போனால் நான் எங்கோ முன்னால் போய்விடுவேன். அவள் வந்து சேரும் இடத்தில் நான் இருக்கவே மாட்டேன். இதைத் தவிர வேறு யோசனை எனக்கு இல்லை.

எனக்குக் கிடைத்தது இருபது விநாடி இருக்கும். முதலில் எண்ணெய் போடாத செயினின் கீச்சு. பிறகு இரண்டு மணி. என்னுடைய ஒரு மணி. பிறகு அவள் என் பக்கத்தில் வருவாள், பவுடர் வாசனையும் சாம்பார் வாசனையுமாக. அவள் மூச்சு வாங்குவது கேட்கும். பிறகு முதுகு, அட்டை, கூடை, ஒரு லாரி, ஒன்றும் இல்லை. அந்த இருபது விநாடியை வைத்துக்கொண்டு நான் பிரஸ்ஸில் நாள் முழுவதும் காகிதம் அடுக்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சந்தில் விசைத்தறி ஓடாது. அந்த அமைதியில் வாசலில் யார் சைக்கிள் போனாலும் எழுந்து பார்த்தேன். திங்கள் எப்போது வரும் என்று இருக்கும். அவள் முகத்தை நேராக நான் பார்த்ததே இல்லை. காதோரம், தோடு, வியர்வையில் ஒட்டிய முடி, அவ்வளவுதான். அதைக்கொண்டு மீதி முகத்தை நானாக வரைந்து, அழித்து, மறுபடி வரைந்துகொண்டிருந்தேன்.

அவள் மூச்சு வாங்கினாள் என்றேனே. அதை மூன்று மாதம் தினமும் கேட்டேன். எவ்வளவு பக்கத்தில் கேட்கிறது என்று மட்டுமே நினைத்தேன்.

வைகாசி கடைசியில் ஒரு நாள் டியூப் பஞ்சராகி எனக்கு நேரமாகிவிட்டது. காளவாசல் சிக்னல் தாண்டும்போது அவள் வெகுதூரம் முன்னால் போவது தெரிந்தது. அவள் என்னைத் தாண்ட வேண்டுமென்றால் முதலில் நான் அவளைத் தாண்டியாக வேண்டும். மணி அடித்துத் தாண்டினால் எல்லாம் கெட்டுப்போகும். ஒரு டவுன் பஸ் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. அதன் வலதுபக்கம் புகுந்து, தலையைக் குனிந்துகொண்டு, கடைசிக் கியரில் போட்டு மிதித்தேன். எதிரே வந்த ஷேர் ஆட்டோக்காரர் என்னை ஏதோ சொன்னார். பஸ்ஸை விட்டு வெளியே வந்து, இருநூறு அடி போய், நிமிர்ந்து உட்கார்ந்தேன். வழக்கம்போல் பிரேக்கைத் தொட்டேன். கொக்குகளைப் பார்ப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டேன்.

செயினின் கீச்சு வந்தது. மணி வரவில்லை.

அவள் பின்னாலேயே வந்தாள். அச்சம்பத்து போயிற்று, மண்டபம் போயிற்று. நான் இன்னும் மெதுவாக்கினேன், அவளும் மெதுவாக்கினாள். விலக்குக்குக் கொஞ்சம் முன்னால் பக்கத்தில் வந்தாள்.

"பஸ்ஸுக்கு அந்தப் பக்கம் போனது நீங்கதான?"

நான் வானத்தையே பார்த்துக்கொண்டு மிதித்தேன்.

"அடியில மஞ்ச ரிம்மு தெரிஞ்சுச்சு. அம்புட்டு வேகமாப் போவீங்களா நீங்க?"

"இல்ல, இன்னைக்கு லேட்டு..."

"லேட்டானவரு எதுக்கு இங்க நின்னு நின்னு போறீங்க?" என் இடதுகையைப் பார்த்தாள். நான்கு விரலும் பிரேக்கின்மேல் இருந்தன. "எல்லா நாளுமா?" என்று கேட்டாள்.

"முத நாள் இல்லீங்க."

அப்போதுதான் அவள் முகத்தை நேராகப் பார்த்தேன். நான் வரைந்து வைத்திருந்த எதைப் போலவும் அது இல்லை.

"எங்க லேப்ல எல்லார்ட்டயும் சொல்லி வச்சிருக்கேன், டெய்லி ஒரு கியர் வண்டியத் தாண்டி வாரேன்னு. சுகர் பாக்க வர்ற பெரியவங்ககூட கையை நீட்டிக்கிட்டே கேப்பாங்க, இன்னைக்கித் தாண்டிட்டியாம்மான்னு." அவள் குரல் உயரவே இல்லை. "அவங்கட்ட இன்னைக்கி நான் என்ன சொல்ல?"

மறுநாளிலிருந்து அவள் இல்லை. ஒன்பது நாள் விராட்டிப்பத்தில் நான் மெதுவாகப் போனேன், பின்னால் யாருமே வராமல். அரைமணி முன்னாலேயே போய்விடுகிறாள் என்று கருப்புதான் பார்த்து வந்து சொன்னான். அதன் பிறகுதான் டீக்கடையில் நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டது.

கண்ணுச்சாமி அண்ணன் பன்னைத் தின்று முடித்து, கையைத் தட்டிவிட்டு எழுந்தார். சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டப்போனவர் திரும்பினார்.

"ஏன்டா துளசி, எனக்கும் புடிச்சிருக்கியா?"

"எதண்ணே?"

"பிரேக்க. நானும் ஒன்ன எத்தனையோ நாள் தாண்டியிருக்கேன்ல."

"இல்லண்ணே," என்றேன். அது கொஞ்சம் தாமதமாக வந்தது. அவர் தலையை ஆட்டிவிட்டு ஏறிப் போனார். அதன் பிறகு அவர் என்னைத் தாண்டவில்லை. நான் எவ்வளவு மெதுவாகப் போனாலும் பின்னாலேயே வந்தார்.

ஆனியில் காற்று தொடங்கியது. தேனிப் பக்கமிருந்து காலையிலேயே எழுந்து வரும். மேற்கே போகிறவனை நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். அந்த மாதங்களில் எங்களுக்கு இன்னொரு மரியாதை உண்டு. முடியாதவர் முன்னால் போகிறவரிடம் கேட்டு, அவர் முதுகுக்குப் பின்னால் காற்றுக்கு ஒதுங்கிப் போகலாம். கேட்காமல் ஒட்டுவது திருட்டு மாதிரி. கருப்புக்கு வாளிகளில் காற்று பிடித்து இழுக்கும், அவன் தினமும் யாரிடமாவது கேட்பான். "மாப்ள, மண்டபம் வரைக்கும் ஒதுங்கிக்கிறேன்டா." யாரும் மாட்டேன் என்று சொன்னதில்லை. சரியென்று ஒரு மணி அடித்தால் போதும். நான் மட்டும் யாரிடமும் கேட்டதில்லை. கியர் வண்டிக்காரன் கேட்டால் சிரிப்பார்கள்.

அதே சமயம் பிரஸ்ஸில் துணிக்கடைகளின் ஆடித் தள்ளுபடி நோட்டீஸ் வந்து குவிந்தது. எல்லோரும் அரைமணி முன்னால் வரவேண்டும் என்றார் முதலாளி. நான் அதை விரும்பிக் கேட்கவில்லை. ஆனால் அது அவள் போகும் நேரம்.

முதல் நாள் அவளை விராட்டிப்பத்தில் பார்த்தேன், எனக்கு முன்னால். பிரேக்கைத் தொடக்கூடாது என்று செல்லூரிலேயே முடிவு செய்திருந்தேன். இரண்டு மணி அடித்தேன். தாண்டுவதற்காக அவளுக்கு நான் மணி அடித்தது அதுதான் முதல் தடவை. திரும்பாமலே ஒதுங்கி ஒரு மணி அடித்தாள். என் வேகத்தில் தாண்டிப் போனேன். போன பிறகு எனக்கு முன்னால் வெறும் ரோடுதான் இருந்தது. அவள் பின்னால் எங்கோ இருந்தாள். திரும்பிப் பார்க்க முடியாது. நியாயமாக ஓட்டினால் எனக்குக் கிடைப்பது இவ்வளவுதான் என்று அன்று புரிந்தது. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் அவள் சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதித்தாள். அவளைத் தாண்ட எனக்கு அச்சம்பத்து வரை ஆயிற்று. அவள் அடித்த அந்த ஒரு மணி சத்தமாக, கோபமாக இருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது.

நான்காம் நாள் என்னால் முடியவில்லை. முந்தின நாள் இரட்டை ஷிஃப்ட். மடிக்கும் மெஷின் பக்கத்தில் நின்று நின்று முழங்கால் பிசைந்த மாவு மாதிரி ஆகியிருந்தது. காலையில் அம்மா வைத்த இட்லியில் ஒன்றுதான் இறங்கியது. காற்று வேறு அன்று புழுதியை வாரி முகத்தில் அடித்தது. காளவாசலிலேயே முதல் கியருக்கு இறக்கிவிட்டேன். கால் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை. அவள் இந்நேரம் முன்னால் போயிருப்பாள், இன்று பார்க்க முடியாது என்று நினைத்தேன்.

பின்னால் செயினின் கீச்சு கேட்டது. இரண்டு மணி.

ஒதுங்கி ஒரு மணி அடித்தேன். அவள் என் பக்கத்தில் வந்தாள். தாண்டிப் போயிருக்கலாம். போகாமல் என் கையைப் பார்த்தாள்.

"கைய எடுங்க."

"எதுலேர்ந்து?"

"பிரேக்குலேர்ந்து."

விரல்களை விரித்துக் காட்டினேன். இரண்டு கையிலும். வண்டி அதே வேகத்தில் ஆடிக்கொண்டு போயிற்று.

"கியர எறக்கி வச்சிருக்கீங்க."

"காத்துக்கு எறக்கினேன்."

"அதான பாத்தேன்."

"இல்லீங்க. நெசமாவே முடியல. நேத்து ரெண்டு ஷிஃப்ட்டு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நம்புவதற்கு அதில் ஏதாவது இருக்கிறதா என்று தேடுகிறாள் என்று தெரிந்தது. என்னால் முடிந்த அளவு முகத்தை அப்படியே வைத்திருந்தேன். அதுதான் தப்பாகப் போயிற்று.

"அப்பவும் மொகத்த இப்படித்தான் வச்சிருந்தீங்க," என்றாள். "இன்னைக்கி நான் நெசமாத் தாண்டினாலும் எனக்குத் தெரியாது. இனிமே என்னைக்குமே தெரியாது. பாத்தீங்களா?"

சொல்லிவிட்டு எழுந்து நின்று மிதித்தாள். அவள் சக்கரம் என் சக்கரத்தைத் தாண்டியது. அடையாள அட்டை தோளுக்குமேல் பறந்து முதுகில் விழுந்தது. எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு வண்டி நீளம், பிறகு இரண்டு. கால் இருக்கிறதா என்றே தெரியாமல் மிதித்தேன். இடைவெளி கூடிக்கொண்டே போயிற்று. அவள் திரும்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை.

"ஏங்க," என்று கத்தினேன். காற்று அதைப் பின்னால் தள்ளியது. மறுபடி, இன்னும் பலமாக, "ஏங்க."

அவள் மிதிப்பதை நிறுத்தினாள். வண்டி தானாக உருண்டது. தலை மட்டும் லேசாக ஒரு பக்கம் சாய்ந்தது, காதைக் கொடுப்பதுபோல. எங்களுக்குப் பக்கத்தில் ஒரு மணல் லாரி உறுமிக்கொண்டு போனது. அது போய் முடியும்வரை காத்திருந்தேன்.

"விலக்கு வரைக்கும் உங்க பின்னாடி ஒதுங்கிக்கிறட்டுமா?"