வலது ஓரத்து பிரேக்

சனிக்கிழமை காலைப் பயிற்சி ஓட்டத்தில், முதல் வளைவிலேயே, என் அத்தான் காரைக் கொண்டுபோய்ப் பந்தயப் பாதையோரத்து வைக்கோல் கட்டுகளுக்குள் செருகினார். காருக்கு ஒரு கீறல்கூட இல்லை. அடி பட்டதெல்லாம் அதற்கு முன் அவர் ஆற்றிய சொற்பொழிவுக்குத்தான்.

பழைய பந்தயக் கார்களை வெளியே எடுத்து ஓட்டிப் பார்க்கும் வார இறுதி அது. கார்கள் எல்லாம் பழையவை. ஓட்டுகிறவர்களின் முழங்கால்கள் அவற்றைவிடக் கொஞ்சம்தான் இளையவை. ஓய்வு பெற்ற வங்கி மேலாளரான அத்தான், கழுத்தில் வெள்ளைப் பட்டுத்துணி பறக்க, கூட்டம் சேர்த்து விளக்கிக்கொண்டிருந்தார். "இதுல கிளட்ச் இடது பக்கம், ஆக்ஸிலரேட்டர் நடுவுல, பிரேக் வலது ஓரத்துல. இந்தக் காலத்துக் கார் ஓட்டறவங்களுக்கு லேசுல பிடிபடாது. எனக்குப் பிரச்சினை இல்ல."

பிறகு வளைவு வந்தது. பதறியதும், ஆயுள் முழுக்க வங்கிக்குக் காரோட்டிப் பழகிய கால், பிரேக் என்று நம்பி நடுவில் ஓங்கி மிதித்தது. கார் சொன்ன பேச்சைக் கேட்டது.

பாதுகாப்பு அதிகாரி வைக்கோலைத் தட்டிவிட்டபடி சொன்னார்: "சார், நீங்க இன்னைக்கு ஓட்டக் கூடாது. உங்க ரெண்டாவது டிரைவர் சாயங்காலம் ஓட்டட்டும். வேணாம்னா காரை லாரியில ஏத்திட்டுக் கிளம்புங்க."

இரண்டாவது டிரைவர் என் அக்கா. ஒரு காருக்கு இருவர் வேண்டும் என்று விதி. அத்தான் பேருக்கு அவளைச் சேர்த்திருந்தார். தகுதிச் சோதனையில் அவள் தேறியபோது, "எல்லாரையும் பாஸ் போட்டுட்டான்" என்றார்.

"இவளா?" அத்தான் என்னைப் பார்த்தார். "மாப்ளே, உங்கக்கா வீட்டுக் காரையே ஆறு மாசமா தொடல. அவ்வளவு பயம். மருந்துக்கடைக்கு பஸ்ல போயிட்டு வர்றா."

அக்கா ஹெல்மெட்டின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "பயமில்லீங்க. கால் குழம்பக் கூடாதுன்னு விட்டேன்."

"என்னது?"

"வீட்டுக் கார்ல நடுவுல பிரேக். இதுல நடுவுல ஆக்ஸிலரேட்டர். ரெண்டையும் ஓட்டினா, கால் எந்த வீட்டுக்கு மருமகன்னு முழிக்கும். அதான் அதை விட்டுட்டு, நீங்க எந்திரிக்கறதுக்குள்ள தினமும் ஷெட்டுல இதுல உக்காந்து மிதிச்சுப் பழகினேன்."

"எதுக்கு?"

"ஓட்டத்தான். வேற எதுக்குப் பழகுவாங்க?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"சொல்லியிருந்தா நீங்க கத்துக்கொடுக்க ஆரம்பிச்சிருப்பீங்க."

அத்தான் பட்டுத்துணியின் முடிச்சை அவிழ்த்து, முன்பைவிட இறுக்கிக் கட்டிக்கொண்டார். அந்தக் காட்சிக்கே தனி நுழைவுச்சீட்டு விற்றிருக்கலாம். ஆனால் கார் அவருடையது. வேண்டாம் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அக்கா பஸ்ஸில் இடிபட்ட ஆறு மாதமும் வீண். அவள் துடைத்த கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அத்தான் காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். சக்கரத்தில் சிக்கியிருந்த வைக்கோலை உருவினார். பிறகு யாரையும் பார்க்காமல், "உனக்குப் பிரேக் எட்டாதே. முதுகுக்கு ஏதாவது வைக்கணும்," என்றார்.

அக்கா பையிலிருந்து ஒரு திண்டை எடுத்தாள். அந்த இருக்கைக்கென்றே அளவெடுத்துத் தைத்தது.

சாயங்காலம் ஹெல்மெட் வாரை அவர்தான் மாட்டிவிட்டார். சும்மா மாட்டுவாரா? "முதல் வளைவுல ஜாக்கிரதை. அங்க என்ன ஆகும்னா..."

"தெரியும்ங்க. காலையில காட்டினீங்களே."

நான் இருமிச் சமாளித்தேன். அத்தானுக்கும் உதடு கோணியது, சிரிப்பென்றே எடுத்துக்கொண்டேன்.

கொடி அசைந்தது. பழைய எஞ்சின் தொண்டையைச் செருமி, கனைத்து, சட்டென்று பாட ஆரம்பித்தது. நாங்கள் முதல் வளைவின் கம்பி வேலியைப் பிடித்தபடி நின்றோம். ஓரத்தில், காலையில் சிதறிய வைக்கோலை இன்னும் யாரும் கூட்டவில்லை. முதலில் சத்தம் வந்தது, அப்புறம் புழுதி, அதற்குள்ளிருந்து நேராக வளைவை நோக்கி அக்கா.

 தூசியில் அத்தானுடைய வலது கால் தானாக எழுந்து, நடுவில் ஒரு கணம் தயங்கி, வலப்புறம் நகர்ந்து மண்ணை அழுத்தியது.