மண்வாரியை மிதித்த கால்

டிரம்கீல் ஊரில் ஒருவனைப் பார்த்து, நீ எந்தப் பக்கம் என்று யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். அவ்வளவு மரியாதை! பேரைப் பார்ப்பார்கள், படித்த பள்ளிக்கூடத்தை விசாரிப்பார்கள். அதிலும் பிடிபடாவிட்டால், தோட்டத்தில் மண்வாரியை எந்தக் காலால் மிதித்து இறக்குகிறான் என்று வேலிக்கு மேலாக எட்டிப் பார்ப்பார்கள். இடது கால் என்றால் கத்தோலிக்கன், அயர்லாந்துக் கொடிக்காரன். வலது கால் என்றால் புராட்டஸ்டண்ட், பிரிட்டன் கொடிக்காரன். சந்திரனுக்கு மனிதன் போய்வந்து அரை நூற்றாண்டு தாண்டியும் வட அயர்லாந்தில் இந்தச் சாஸ்திரத்துக்கு மவுசு குறையவில்லை.

கோர்டன் டோனர் இவர்களுக்குப் பெரிய தலைவலி. டோனர் என்பது கத்தோலிக்கக் குடும்பப் பேர். கோர்டன் என்று பேர் வைத்த அம்மாவோ புராட்டஸ்டண்ட். படித்ததோ இரு தரப்புப் பிள்ளைகளும் போன வெளியூர்த் தொழிற்பள்ளி. இருபத்தேழு வருஷமாக நகரசபை இடுகாட்டில் குழி வெட்டுகிறான், அதுவும் மஞ்சள் இயந்திரத்தில் உட்கார்ந்தபடி. வீட்டுப் பாத்தியைக் கொத்துவது மனைவி. ஆகவே அவன் காலை யாரும் பார்த்ததில்லை. ஜாடையாகக் கேட்டவர்களிடம், "செத்தவன் எவனும் இதை என்கிட்ட கேட்டதில்ல, உனக்கு என்ன அவசரம்?" என்பான்.

அவன் மனைவி ரூத்துக்கு நுரையீரலில் புற்று. கோடையைத் தாண்ட மாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முப்பத்துநாலு வருஷத்துக்கு முன்னால் இவர்களுக்குக் கல்யாணம் செய்துவைக்க அவளுடைய போதகரும் மறுத்தார், அவன் அப்பா பக்கத்துப் பாதிரியாரும் மறுத்தார். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து இருவரும் எந்தச் சர்ச் வாசலையும் மிதிக்கவில்லை, எந்தக் கட்சிக்கும் கொடி பிடிக்கவில்லை. பொய் சொல்லக் கூடாது, கும்பலோடு சேர்ந்து கைதட்டக் கூடாது. ரூத்தின் வேதம் அவ்வளவுதான். ஆனால் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்கள் தங்கள் வேதத்தை மீறுகிற மாதிரி அவள் இதை மீறியதில்லை.

இடுகாட்டின் நடுவே ஒரு பாதை. இந்தப் புறம் ஒரு கூட்டம், அந்தப் புறம் இன்னொரு கூட்டம். செத்த பிறகும் பேச்சுவார்த்தை கிடையாது. பாதையோரம் கோர்டனின் கருவிக் கொட்டகை, அதை ஒட்டிக் கொஞ்சம் புல்தரை. மத்தியான நேரங்களில் ரூத் தேநீரும் சோடா ரொட்டியும் கொண்டுவந்து அவனோடு உட்கார்ந்த இடம் அது. தன்னை அங்கேதான் புதைக்க வேண்டும் என்றாள்.

விண்ணப்பத்தில் 'எந்தப் பிரிவு' என்ற கட்டத்தில் கோர்டன் 'எதுவுமில்லை' என்று எழுதினான். இரண்டு தடவை திரும்பி வந்தது. இடுகாட்டுக் குழுவில் ஆறு பேர், பக்கத்துக்கு மூன்று. முதலில் புராட்டஸ்டண்ட் பக்கத்து அப்ரிச்சர்ட் வந்தார். ரூத்துக்கு எங்கள் சர்ச்சில்தானே ஞானஸ்நானம், அதை ஒப்புக்கொண்டால் போதும், ஏற்பாடு செய்யலாம் என்று கேக்கை மென்றபடி சொன்னார். மறுநாள் கத்தோலிக்கப் பக்கத்து மக்ளேட் வந்தார். அவர் குழுவின் தலைவர், வோட்டுகள் சமமானால் முடிவு அவர் கையில். மனைவி என்பவள் கணவன் பக்கம்தானே, நீ உன் பக்கத்தைச் சொல் என்றார். சாகக் கிடப்பவளை வைத்து ஆள் சேர்க்கும் பிழைப்பு! அவர்கள் குடித்த கோப்பைகளைக் கோர்டன் இரண்டு தரம் கழுவினான்.

ஏப்ரலில் ஒரு காலை இயந்திரத்தின் எண்ணெய்க் குழாய் வெடித்துவிட்டது. பதினொரு மணிக்கு ஒரு சவ அடக்கம். வேறு வழியில்லாமல் கோர்டன் மண்வாரியை எடுத்துக் கையால் வெட்டினான். மலர்வளையம் வைக்க முன்கூட்டியே வந்த ஒருவன் பார்த்துவிட்டான். இடது கால்! மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துபோயிற்று.

மக்ளேட் கொட்டகைக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "இத்தனை வருஷம் மறைச்சுட்டியேப்பா. முன்னாடியே தெரிஞ்சிருந்தா இவ்வளவு அலைச்சல் எதுக்கு? வெள்ளிக்கிழமை கூட்டத்துல முடிச்சுடலாம். நீ எதுவும் சொல்ல வேணாம், மறுக்காம உட்கார்ந்திரு, போதும்."

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்லறைக் கல் சாய்ந்து கோர்டனின் வலது கணுக்காலை நொறுக்கிவிட்டது. பூட்ஸ் போட்டு நடந்தால் வெளியே தெரியாது, ஆனால் அந்தப் பாதத்தால் எதையும் அழுத்தி மிதிக்க முடியாது. விஷயம் அவ்வளவுதான். அதைச் சொல்ல வாயைத் திறந்தவன், ரூத்தை நினைத்து மூடிக்கொண்டான். வீடு போய்ச் சேரும்வரை தன்னையே திட்டிக்கொண்டு நடந்தான்.

அவன் சொன்னதைக் கேட்டு ரூத் இருமல் வரும்வரை சிரித்தாள். "அப்போ நான் அங்க உன் இடது காலுக்குப் பொண்டாட்டியா படுத்திருக்கணுமா?"

"அந்த இடம்தான் வேணும்னு கேட்டியே."

"கேட்டேன்தான். இத்தனை வருஷம் பொய் சொல்லாம இருந்துட்டு, இப்ப ஒரு பொய்க்கு அடியில போய்ப் படுக்கவா?" மூச்சு வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே அவர்களுடைய பாத்தி. "அது யார் மண்ணு?"

"நம்ம மண்ணு."

"எந்தப் பிரிவு?"

"உருளைக்கிழங்குப் பிரிவு," என்றான் கோர்டன். சொந்த நிலத்தில் புதைக்க எந்தக் குழுவின் தயவும் தேவையில்லை என்பது அவனுக்குத் தொழில்முறையில் தெரிந்த விஷயம். அழுகையும் சிரிப்புமாக அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை மக்ளேட் எழுந்து, நம் சமூகத்துச் சகோதரன் என்று ஆரம்பித்தார். கோர்டன் பூட்ஸையும் காலுறையையும் கழற்றி, தழும்பேறிய வலது காலைத் தூக்கிக் குழுவின் மேஜைமேல் வைத்தான். கல் விழுந்த கதையைச் சொன்னான். அப்ரிச்சர்ட் முகத்தில் மெல்ல ஒரு புன்னகை பரவியது.

"நீங்க ஏன் சிரிக்கிறீங்க? இந்தக் கால் நல்லாயிருந்தா நான் உங்களுக்குச் சகோதரன் ஆகியிருப்பேன், அவ்வளவுதானே? உங்க சாமியும் உங்க தேசமும் என் கணுக்கால்ல தொங்கிட்டு நிக்குதுன்னா, ரெண்டையும் நீங்களே வச்சுக்குங்க. என் பொண்டாட்டி உங்களுக்குக் கிடைக்க மாட்டா."

விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, பூட்ஸைக் கையில் பிடித்தபடி நொண்டிக்கொண்டு வெளியே வந்தான்.

ஜூன் மாதம் ரூத் போய்விட்டாள். கோர்டன் பாத்தியில் கையாலேயே குழி வெட்டினான். சாலையில் இரண்டு பக்கத்து ஆட்களும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு துக்கமாகத்தான் நின்றார்கள். கண் மட்டும் அவன் காலில் இருந்தது. காரணம் தெரிந்தும் பார்க்கிற ஜென்மங்களை என்ன செய்வது?

அடுத்த வாரமே பேச்சு மாறிவிட்டது. ஜெபமில்லாமல் கிழங்குப் பாத்தியில் புதைப்பதா, எங்கள் ஆட்கள் செய்கிற காரியமா இது, அவள் அந்தப் பக்கத்து ஆள்தான் என்றார் அப்ரிச்சர்ட். மக்ளேடும் அதையேதான் சொன்னார், கையை மட்டும் எதிர்ப்பக்கம் காட்டினார். ரொட்டிக்கடையில் இதைக் காதில் வாங்கிய கோர்டன், வீட்டுக்கு வந்ததும் நேராகப் பாத்திக்குப் போனான்.

"ரூத், அவங்க ரெண்டு பேருக்கும் நீ வேணாமாம்," என்றான்.